கேட்டு வாங்கும் காற்று

பிப்ரவரி 3

அன்புள்ள தங்கைக்கு,

இங்கே நான், உன் அத்தான், குழந்தை மிளகு மூன்று பேரும் சுகம். உனக்குச் சளி விட்டதா, ராத்திரி தூக்கம் வருகிறதா என்று எழுது.

ஞாயிற்றுக்கிழமை நீ போன் பண்ணியபோது சட்டென்று வைத்துவிட்டேன். கோபம் ஒன்றும் இல்லை. உன் குரலைக் கேட்டுவிட்டால் குழந்தை ரெண்டு நாளைக்குச் சாப்பிடுவதில்லை. தட்டைத் தள்ளிவிட்டு ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்துவிடுகிறாள். என்னால் பார்க்க முடியவில்லை. அதனால் கொஞ்ச நாளைக்குப் போன் வேண்டாம், எழுது. நான் அவளுக்கு வாசித்துக் காட்டுகிறேன்.

மீன் காட்சியகத்தில் மீன்களுக்குத் தீனி வெட்டப் போனவள், இப்போது தொட்டிக்குள்ளேயே இறங்கப் போகிறேன் என்கிறாய். அத்தானிடம் சொன்னேன். "இத்தனை நாள் சமையல் மட்டும்தான், இனி போய்ப் பரிமாறவும் போறாளா?" என்று சிரித்தார். எனக்குப் புரிந்தது இதுதான்: ஹாஸ்டலில் பிள்ளையை வைத்துக்கொள்ள விடமாட்டார்கள். தண்ணீருக்குள் இறங்கித் தொட்டியைச் சுத்தம் செய்கிற டைவர் வேலை கிடைத்தால் நிரந்தரம், குடும்பத்தோடு இருக்க வீடும் தருவார்கள். வீடு கிடைத்தால் மிளகை வந்து கூட்டிப்போவாய். சரிதானே?

நல்ல யோசனைதான். ஆனால் தலைக்கு ஊற்றும்போதே மூச்சுத் திணறுகிறவள் நீ. போன வருஷம்தான் நீச்சலே பழகினாய். அவசரப்படாதே. பிள்ளை எங்கேயும் ஓடிப் போகவில்லை.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா

பிப்ரவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் வந்தது. நான் சுகம். சளி இல்லை. அத்தானின் முட்டிவலி எப்படி இருக்கிறது?

இனி போன் செய்யமாட்டேன். மிளகு சாப்பிட்டால் சரி.

நான் இருக்கும் அறையில் நான்கு கட்டில். என்னுடையது கதவோரம். மற்ற மூன்று பேரும் டிக்கெட் கவுண்டரில் வேலை செய்கிறவர்கள். என் கையில் மீன் வாடை போவதில்லை என்பதால் என்னைக் கருவாடு என்று கூப்பிடுகிறார்கள். அன்பாகத்தான். நானும் அதற்கே திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டேன்.

பயிற்சி ஆரம்பித்துவிட்டது. காட்சியகத்துக்குப் பின்னால் இரண்டு ஆள் ஆழத்தில் ஒரு குளம் கட்டியிருக்கிறார்கள். சொல்லிக்கொடுப்பவள் என்னைவிடப் பத்து வயது சின்னவள். எல்லோரும் டீச்சர் என்கிறார்கள். அவள் என்னை அக்கா என்கிறாள். என்னோடு கற்றுக்கொள்பவர் ஒருவர்தான், முன்பு லாரி ஓட்டியவர்.

முதுகில் காற்று சிலிண்டர், இடுப்பில் ஈயக்கட்டி கோத்த பெல்ட். கரையில் எழுந்து நிற்கவே ஒரு ஆள் பிடித்துத் தூக்க வேண்டும். வாயில் ரப்பர் துண்டைக் கடித்துக்கொண்டு, மூக்கு என்று ஒன்று இருப்பதையே மறந்து, வாயால் மட்டும் இழுத்து வாயால் விட வேண்டும். தாடை வலிக்கிறது. தொண்டை காய்ந்துவிடுகிறது. முதல் நாள் முழுக்க ஒரே பாடம்தான்: எந்தக் காரணத்துக்காகவும் மூச்சை அடக்கக் கூடாது. அடக்கியபடி மேலே வந்தால் உள்ளே இருக்கும் காற்று விரிந்து நுரையீரல் கிழிந்துவிடுமாம். கேட்கும்போது, இதைப் போய் யார் மறப்பார்கள் என்று தோன்றுகிறது. தலை தண்ணீருக்குள் போனதும் உடம்பு தானாக அடக்கிக்கொள்கிறது.

டீச்சர் எதிரே உட்கார்ந்து எங்கள் குமிழிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே வந்ததும், "அண்ணன்கிட்ட கொதிக்கிற பானை மாதிரி வருது. உங்ககிட்ட வரவே மாட்டேங்குதே" என்றாள்.

மிளகிடம் அம்மா கேட்டதாகச் சொல்.

தங்கை

மார்ச் 8

அன்புத் தங்கைக்கு,

நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். நாங்களும் அப்படியே. அத்தானின் முட்டியைக் கேட்டாயே, அது அவரைவிட ஆரோக்கியமாக இருக்கிறது. பஸ் டிப்போவில் வண்டிக்கு அடியில் படுக்கும்போது வலிக்காத முட்டி, கடைக்குப் போய் வா என்றால்தான் வலிக்கிறது.

உன் கடிதத்தை மிளகுக்கு வாசித்தேன். கருவாடு என்ற இடத்தில் சிரித்தாள்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். நீ காலை மட்டுமா விடுகிறாய், ஆளே போகிறாய். நுரையீரல் கிழியும் என்று படித்ததிலிருந்து எனக்குத் தையல் ஓடவில்லை. ஒரு சட்டைக்கு ரெண்டு கையையும் வலது கையாகவே தைத்து வைத்துவிட்டேன். அந்த லாரிக்காரருக்குப் பிள்ளைகள் பெரியவர்களாக இருப்பார்கள், அவர் எதையும் செய்யலாம். உனக்கு எதற்கு இந்த வேலை என்று ஒரு பக்கம் தோன்றுகிறது. மனசில் இருப்பதைச் சொன்னேன்.

மிச்சத் துணியில் மிளகுக்குப் பச்சையில் ஒரு கவுன் தைத்தேன். கழற்றவே விடமாட்டேன் என்கிறாள். ராத்திரி என் மேல் காலைப் போட்டால்தான் தூக்கம். காலை எடுத்து வைத்தால் மறுபடி போடுகிறாள். பன்னிரண்டு வருஷம் பிள்ளையில்லாமல் புரண்ட பாய் இது, இப்போது எனக்கு இடமில்லை.

உடம்பைக் கவனித்துக்கொள். காது பத்திரம்.

அக்கா

ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். உங்கள் மூவரின் சுகமும் அறிந்தேன். பச்சைக் கவுன் என்று எழுதியிருந்தாய். அவளுக்குப் பச்சை பிடிக்கும் என்று எனக்குத் தெரியாது.

மாஸ்க் பாடம் வந்தது. புதிதாகக் கற்பவர்களில் பாதிப் பேர் இதில்தான் ஓடிப் போவார்களாம். தண்ணீரின் அடியில் மண்டியிட்டு உட்கார்ந்து, முகத்தில் இருக்கும் கண்ணாடியை நாமே லேசாக விலக்கி, உள்ளே தண்ணீரை விட வேண்டும். பிறகு மேல் விளிம்பை அழுத்திப் பிடித்து, அண்ணாந்து, மூக்கால் ஊத வேண்டும். காற்று உள்ளே நிறைந்து தண்ணீரைக் கீழ்வழியாகத் தள்ளிவிடும். அவ்வளவுதான். ஆனால் தண்ணீர் மூக்கைத் தொட்டதும் ஊதுவதற்குப் பதிலாக மூக்கு உறிஞ்சிவிடுகிறது. உறிஞ்சினால் புரை ஏறும். புரை ஏறினால் வாயில் இருப்பதைத் துப்பிவிட்டு மேலே பாயத் தோன்றும்.

லாரி டிரைவர் பாய்ந்தார். டீச்சர் அவர் காலைப் பிடித்து மெதுவாக்கினாள். கரையைக் கட்டிக்கொண்டு ரொம்ப நேரம் இருமினார். "இருபது வருஷம் மலைப்பாதையில லாரி ஓட்டினவன்மா நான். ஒரு டம்ளர் தண்ணி என்னை இந்தப் பாடு படுத்துதே" என்றார். டீச்சர் அவரை ஒரு வாளித் தண்ணீரில் முகத்தை வைத்து ஊதிப் பழகச் சொன்னாள். அவர் அந்த வாளியை வீட்டுக்கே கொண்டுபோய்விட்டார். மனைவி, பிள்ளைகள் எல்லோரும் சுற்றி நின்று வேடிக்கை பார்க்கிறார்களாம்.

எனக்குப் பயம் வரவில்லை. தண்ணீரை உள்ளே விட்டேன். கண்ணை மூடினேன். அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஊத வேண்டும் என்று தெரியும். ஊதத் தோன்றவில்லை. டீச்சர் வந்து தோளைத் தட்டி மேலே கூட்டிவந்தாள்.

"என்னக்கா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலையே."

"கண்ணாடி நிறைய தண்ணி நிக்குது. நீங்க பாட்டுக்கு உக்காந்திருக்கீங்க."

"உக்காரத்தானே சொன்னீங்க."

அவள் சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. "அண்ணனுக்குப் பயம் இருக்கு. பயத்துக்கு என்கிட்ட வழி இருக்கு. உங்ககிட்ட ஒண்ணுமே இல்லையே அக்கா, நான் எதைப் பிடிச்சு இழுக்கிறது?" என்றாள்.

மிளகின் அப்பாவின் உடலைக் கிடங்கிலிருந்து தூக்கி வந்து கூடத்தில் கிடத்திய அன்று நீகூட என்னைப் பிடித்து உலுக்கினாய். அழுதுடு, அழுதுடு என்றாய். எனக்கு வரவில்லை. இன்னும் வரவில்லை. அதை ஒரு குறையாகச் சொல்லவில்லை, வேலை செய்யச் சௌகரியமாகத்தான் இருக்கிறது.

மிளகு இப்போது என்னவெல்லாம் பேசுகிறாள்? நான் கிளம்பியபோது ‘தா’, ‘போ’ இரண்டும்தான் தெளிவாக வரும். என்னைக் கேட்கிறாளா?

தங்கை

ஜூன் 10

அன்புத் தங்கைக்கு,

எல்லோரும் நலம். பதில் தாமதம் என்று நினைக்காதே. பள்ளிக்கூடம் திறக்கிற நேரம், யூனிஃபார்ம் துணி கட்டில் மேலெல்லாம் குவிந்து கிடந்தது. ராத்திரி பகல் தெரியவில்லை.

மிளகு நன்றாக இருக்கிறாள். பேச்சு வந்துவிட்டது. வாய் ஓய்வதில்லை. அத்தான் டிப்போவிலிருந்து வந்ததும் அவர் பைக்குள் தலையை விட்டுத் தேடுகிறாள். ஒன்றும் இல்லாவிட்டால் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்த்து மூடுகிறாள்.

நீ கேட்டதற்கெல்லாம் விலாவாரியாக எழுத இப்போது நேரம் இல்லை.

ஒன்று சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. தண்ணீருக்குள் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்று எழுதியிருக்கிறாயே, அதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. வராததை ஏன் வம்படியாகப் பிடித்து இழுக்க வேண்டும்? மீன் வெட்டுவதும் வேலைதானே. கரையில் நின்று செய்கிற வேலை. பிள்ளைக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. அவளுக்காக நீ சிரமப்பட வேண்டாம்.

அக்கா

ஜூன் 27

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். உனக்குக் கண் வலிக்கும், ராத்திரியில் தைக்காதே.

மாஸ்க் இப்போது வருகிறது. யோசிக்காமல் செய்துவிடுகிறேன். காதும் பரவாயில்லை. கொஞ்சம் இறங்கியதும் காதுக்குள் விரலை விட்டு அழுத்துவதுபோல் வலி வரும். மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊதினால் படக்கென்று விட்டுவிடும். வலித்த பிறகு ஊதக் கூடாது, வலிக்கும் முன்பே ஊத வேண்டும். நான் வலி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இறங்கிவிடுவேன். அதற்கும் திட்டு வாங்கினேன்.

டிரைவர் தேறிவிட்டார். தொட்டியில் இறங்குகிறார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் பிள்ளைகள் நின்று கை காட்டினார்கள். அவர் பெருமையாகக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். தண்ணீருக்குள் அதற்கு மேலே போக வேண்டும் என்று அர்த்தம். டீச்சர் பாய்ந்து வந்து அவரை மேலே ஏற்றிவிட்டாள். ரொம்ப சங்கடப்பட்டார்.

நான் தேறவில்லை. கடைசிப் பாடத்தில் நின்றுவிட்டேன்.

சிலிண்டரில் காற்று தீர்ந்துபோனால் என்ன செய்வது என்பது அந்தப் பாடம். டீச்சர் எனக்கு எதிரே மண்டியிட்டு, கையை நீட்டி என் முதுகுக்குப் பின்னால் இருக்கும் சிலிண்டரின் திருகை மூடுவாள். ஒன்றிரண்டு மூச்சு வரும், அப்புறம் இழுத்தால் வராது. சுவரை உறிஞ்சுவதுபோல் இருக்கும். உடனே கையைக் கழுத்துக்குக் குறுக்கே அறுப்பதுபோல் காட்ட வேண்டும். எனக்குக் காற்று இல்லை என்று அர்த்தம். அவளிடம் உபரியாக ஒரு மஞ்சள் குழாய் இருக்கும். அதை வாங்கிக் கவ்விக்கொள்ள வேண்டும்.

நான் காட்டவில்லை. இழுத்துப் பார்த்தேன், வரவில்லை, உட்கார்ந்திருந்தேன். அவளே திருகைத் திறந்துவிட்டாள். மூன்று முறையும் அப்படித்தான். மேலே வந்து மாஸ்க்கைக் கழற்றித் தரையில் வீசினாள்.

"ஏன்க்கா கேக்கல?"

"எதிர்லதானே இருந்தீங்க. பாத்துட்டு நீங்களே தருவீங்கன்னு இருந்தேன்."

"பக்கத்துல இருக்கிறவன் மீனைப் பார்த்துட்டு இருப்பான்க்கா. உங்களுக்குக் காத்து இல்லேன்னு நீங்க சொன்னாத்தான் அவனுக்குத் தெரியும். கேக்காம செத்துப் போவீங்களா?"

நம் வீட்டில் யார் எதைக் கேட்டு வாங்கியிருக்கிறோம்? அப்பா யார் வீட்டுக்குப் போனாலும் தண்ணீர்கூடக் கேட்க மாட்டார். தாகத்தோடு திரும்பி வருவார். கேட்டுக் குடித்த தண்ணீர் உடம்பில் ஒட்டாது என்பார். மிளகின் அப்பா போன பிறகு அவளை நீ தூக்கிக்கொண்டு போனாய். வைத்துக்கொள் என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே செய்தாய்.

ஆகஸ்ட் வரை என்னைத் தண்ணீரில் இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள். அக்டோபரில் புதுத் தொட்டி திறக்கிறார்கள். அதற்குள் தேறாவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் எடுத்துவிடுவார்கள். வீடும் அந்த ஆளுக்குப் போய்விடும்.

மிளகு என்ன பேசுகிறாள் என்று நீ எழுதவில்லை.

தங்கை

ஜூலை 2

அன்புத் தங்கைக்கு,

கடிதம் கிடைத்த கையோடு எழுதுகிறேன். நீ உயிரோடு இருக்கிறாயே, அது போதும். விட்டுவிடு. காற்று இல்லாமல் உட்கார்ந்திருந்தாய் என்று படித்ததும் தைத்துக்கொண்டிருந்ததை அப்படியே போட்டுவிட்டேன். இனி அந்தத் தண்ணீர்ப் பக்கமே போகாதே.

நானும் அத்தானும் பேசினோம். பேசியது நான்தான், அவர் கேட்டுக்கொண்டிருந்தார். வருகிற வருஷம் மிளகைப் பள்ளிக்கூடத்தில் விட வேண்டும். எங்கள் பெயரிலேயே சேர்த்துவிடலாம் என்று நினைக்கிறேன். எங்கள் பிள்ளையாக. முறைப்படி எழுதி வாங்கிக்கொள்ளலாம். உனக்கு என்ன வயதாகிவிட்டது? உனக்கென்று ஒரு வாழ்க்கையைப் பார்த்துக்கொள். நீ எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம், யார் தடுக்கப் போகிறார்கள்? உன் அக்கா வீடுதானே.

அவளைப் பார்த்துப் பார்த்து வளர்க்கிறேன் என்பது உனக்குத் தெரியும். உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன். யோசித்து எழுது.

அக்கா

ஆகஸ்ட் 14

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. சுகம்.

நீ சொல்வது சரியாக இருக்கலாம். எனக்கு எந்தப் பக்கமும் ஒன்றும் தோன்றவில்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று எழுது.

தங்கை

ஆகஸ்ட் 25

மைத்துனிக்கு அத்தான் எழுதுவது.

நலம், நலமறிய ஆவல். கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் யாருக்கும் கடிதம் எழுதியதில்லை, கையில் கிரீஸ் வேறு. பிழை இருந்தால் பொறுத்துக்கொள். இதை நான் டிப்போவில் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் அக்காவுக்குத் தெரியாது. தெரிந்தால் எனக்குச் சாப்பாடு கிடையாது.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டு எழுதியிருந்தாய். அதை உன் அக்கா எனக்கு வாசித்துக் காட்டினாள். வாசித்துவிட்டு அடுப்படிக்குப் போய்ச் சிரித்த முகத்தோடு வந்தாள். நான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன்.

உனக்குச் சில விஷயம் தெரிய வேண்டும். நீ போன் பண்ணினால் மிளகு ஒரு நாளும் சாப்பிடாமல் இருந்ததில்லை. போனைப் பிடுங்கிக்கொண்டு கத்துவாள், வைத்ததும் விளையாடப் போய்விடுவாள். சாப்பிடாமல் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தது உன் அக்கா. நீ எந்த வாரம் வந்து கூட்டிப்போவாயோ என்று அவளுக்குப் பயம். உன் கடிதங்களைப் பிள்ளைக்கு வாசிக்கவும் இல்லை. பிள்ளை இப்போது அவளைத்தான் அம்மா என்கிறாள். நீ எழுதிக் கேட்டதற்கு அவள் பதில் எழுதாதது அதனால்தான்.

அவளைக் கெட்டவள் என்று நினைக்காதே. ஒரு பிள்ளைக்காக அவள் ஏங்கியதைப் பன்னிரண்டு வருஷம் நான் பார்த்திருக்கிறேன். பிள்ளை காய்ச்சலில் கிடந்த ராத்திரி அவள் நின்றபடியே இருந்தாள். எனக்கும் மிளகின் கால்சத்தம் கேட்காமல் வீட்டுக்குள் நுழைய இனி முடியாது. நீ எழுதிக் கொடுத்துவிட்டால் எனக்குச் சந்தோஷம்தான், பொய் சொல்லமாட்டேன்.

ஆனால் நீ வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அப்படி ஒரு பிள்ளையை வாங்கிக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். நீ அழவும் மாட்டாய், கேட்கவும் மாட்டாய். உன் அக்கா தானாகத் தரமாட்டாள். அது மட்டும் நிச்சயம்.

அத்தான்

அக்டோபர் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீயும் அத்தானும் மிளகும் சுகமாக இருக்க வேண்டும்.

செப்டம்பரில் டீச்சரிடம் போய் மறுபடி இறக்குங்கள் என்றேன். முடியாது என்றாள். மறுநாளும் போனேன். மூன்றாம் நாள் அவளே மாஸ்க்கை எடுத்து நீட்டினாள்.

புதுத் தொட்டியில் பரீட்சை வைத்தார்கள். குளத்தைவிட மூன்று மடங்கு ஆழம். கண்ணாடிக்கு வெளியே அதிகாரிகள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். காது, மாஸ்க், ஓரிடத்தில் அசையாமல் மிதப்பது எல்லாம் முடிந்தது. டீச்சர் எதிரே வந்து மண்டியிட்டாள். என் முதுகுக்குப் பின்னால் கை போனது.

ஒரு மூச்சு வந்தது. இன்னொன்று பாதி வந்தது. அப்புறம் இல்லை. நான் வழக்கம்போல உட்கார்ந்திருந்தேன். மிளகின் முகம் நினைவுக்கு வந்தது, அதனால் பிழைத்தேன் என்று எழுதினால் கேட்க நன்றாக இருக்கும். வரவில்லை அக்கா. நினைத்துப் பார்த்தேன், முகம் வரவில்லை. மறந்திருந்தது. கண் எப்படி, மூக்கு எப்படி என்று ஒன்றும் தெரியவில்லை. மறந்துவிட்டேன் என்பதுதான் நினைவுக்கு வந்தது. அப்போது நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று எழுந்து உதைத்தது. கழுத்துக்குக் குறுக்கே கையைக் காட்டினேன். ஒரு முறை இல்லை, வெட்டிக்கொண்டே இருந்தேன். அவள் மஞ்சள் குழாயை நீட்டும் வரைகூடப் பொறுக்காமல் பிடுங்கிக் கவ்விக்கொண்டேன். கழுத்தில் நகக்கீறல் இன்னும் இருக்கிறது. பிடுங்கியதற்கு ஒரு அதிகாரி மார்க்கைக் குறைத்தார். டீச்சர் அவரிடம் சண்டை போட்டு வாங்கித் தந்தாள்.

வேலை கிடைத்துவிட்டது. வீட்டுச் சாவியும் கொடுத்துவிட்டார்கள். இரண்டு அறை, ஒரு அடுப்படி. சுவர் ஈரமாக இருக்கிறது, சுண்ணாம்பு அடிக்கச் சொல்லியிருக்கிறேன்.

அக்கா, ஜூலையில் நீ கேட்டதற்குப் பதில்: தரமாட்டேன். ஆகஸ்டில் நான் எழுதியதைக் கிழித்துப் போடு.

நீயாகத் தருவாய் என்று காத்திருந்தேன். காத்திருந்தது என் தப்பு. இப்போது கேட்கிறேன். என் பிள்ளை எனக்கு வேண்டும். அனுப்பு.

தங்கை

அக்டோபர் 11

தங்கைக்கு,

சுகம்.

வருகிற சனிக்கிழமை ரயிலில் அத்தான் கூட்டி வருவார். நான் வரவில்லை. தைக்கக் கொடுத்தவர்கள் நெருக்குகிறார்கள்.

பாலில் சர்க்கரை போடாதே, பழக்கமில்லை. முட்டையில் மஞ்சளை மட்டும் தின்பாள், வெள்ளையைக் கட்டாயப்படுத்தினால் கக்கிவிடுவாள். தலைவாரும்போது பேச்சுக் கொடுத்துக்கொண்டே வார வேண்டும். விளக்கை அணைத்ததும் தண்ணீர் கேட்பாள், தாகத்துக்கு இல்லை, சும்மா. கொடு. இடது காதைத் தடவினால் தூங்கிவிடுவாள். பச்சைக் கவுன் சின்னதாகிவிட்டது, அதே துணி தேடி அலைந்து வேறொன்று தைத்து வைத்திருக்கிறேன்.

எங்கே போகிறோம், யாரிடம் போகிறோம் என்று அவளிடம் சொல்ல வேண்டும். ரெண்டு நாளாக வாயெடுத்துப் பார்க்கிறேன், முழுதாக வரவில்லை. ஏதோ சொல்லியிருக்கிறேன்.

கழுத்துக் கீறலுக்கு மருந்து போடு.

அக்கா

நவம்பர் 2

அன்புள்ள அக்காவுக்கு,

மிளகு சுகம். நான் அப்படி இல்லை. நீயும் அப்படி இருக்கமாட்டாய் என்று தெரியும்.

அத்தான் அன்று ராத்திரியே ரயிலேறிவிட்டார். பிள்ளை தூங்கும்போதே போய்விடுகிறேன் என்றார். முட்டி வலிக்கிறது என்று படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு போனார்.

காலையில் எழுந்தாள். வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். இரண்டு அறையிலும் தேடினாள், அடுப்படியில் தேடினாள், அலமாரியைத் திறந்துகூடப் பார்த்தாள். அழவில்லை. என்னிடம் வந்து என் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

"சித்தி, எங்கம்மா எப்ப வரும்?"

வலித்தது அக்கா. மிளகின் அப்பா போன அன்று வராதது, இத்தனை நாளாக வராதது, அப்போது வந்தது. அடுப்படித் தரையில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன். பக்கத்து வீட்டிலிருந்து டிரைவரின் மனைவி ஓடிவந்து பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் பிள்ளைக்குப் பாலைக் காய்ச்சிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

பிறகு ஒரு நாள், நான்தான் உன் அம்மா என்று சொல்லிப் பார்த்தேன். "இல்ல, நீ சித்தி" என்றாள். எனக்குத்தான் தெரியவில்லை என்பதுபோல் பொறுமையாகத் திரும்பவும் சொன்னாள். சித்தி வீட்டுக்குப் போகிறாய் என்றுதான் நீ சொல்லி அனுப்பியிருக்கிறாய்.

உன் மேல் கோபம் இல்லை என்று எழுதமாட்டேன். நிறைய இருக்கிறது. எதற்காக என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்தச் சண்டையை நேரில் போட்டுக்கொள்ளலாம். ஆனால் அவள் நன்றாக வளர்ந்திருக்கிறாள். கீழே விழுந்தால் தானே எழுந்து முட்டியைத் தட்டிவிட்டுக்கொள்கிறாள். யாராவது எதையாவது கொடுத்தால் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு வாங்குகிறாள். வேண்டுமென்றால் வேண்டும் என்று வாய் திறந்து கேட்கிறாள். நம் வீட்டில் யாருக்கும் இல்லாத புத்தி. நீதான் பழக்கியிருக்கிறாய்.

ராத்திரி இடது காதைத் தடவுகிறேன். தூங்கமாட்டேன் என்கிறாள். கையைத் தள்ளிவிட்டு, கதவையே பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறாள்.

அக்கா, இங்கே வா. தையலைக் கட்டிவைத்துவிட்டு ஒரு மாதம் என்னோடு வந்து இரு. நான் சொன்னால் அவள் நம்பவில்லை. நீ சொன்னால் நம்புவாள். என்னைக் காட்டி, இவள்தான் உன் அம்மா என்று உன் வாயால் அவளுக்குச் சொல்ல வேண்டும். ஒரு முறை சொன்னால் போதாது, அவள் ஒப்புக்கொள்ளும் வரை சொல்ல வேண்டும். உன்னிடம் எதைக் கேட்கிறேன் என்று தெரிந்துதான் கேட்கிறேன். இதைக் கேட்க எனக்கு வேறு யாரும் இல்லை.

பதில் எழுதிக்கொண்டிருக்காதே. கிளம்பு.

தங்கை